முதல் பிள்ளைக்கும் இரண்டாவது பிள்ளைக்கும் பத்து வயது இடைவெளி இருந்தால் இருவரையும் எப்படி வளர்ப்பது?

மூத்த மகளுக்கு ஒன்பது வயது முடிந்துவிட்டது, இரண்டாவது குழந்தை வரப்போகிறது, அவள் பொறாமைப்படாமல் இருக்கவும் குழந்தையைப் பார்த்துக்கொள்ள உதவவும் எப்படிப் பழக்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். எங்கள் வீட்டிலும் மகளுக்கும் மகனுக்கும் பத்தரை வயது வித்தியாசம். மகள் இப்போது கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கிறாள். மகன் மூன்றாம் வகுப்பில் இருக்கிறான். ஒரு தாயாக நான் உறுதியாகச் சொல்ல விரும்புவது, மூத்தவளை இன்னொரு தாயாக்கிவிடாதீர்கள் என்பதுதான். பொறாமையைக் காட்டிலும் இதைப் பற்றித்தான் நீங்கள் அதிகம் கவலைப்பட வேண்டும்.

இரண்டு மூன்று வயது இடைவெளியில் பிறந்த பிள்ளைகள் ஒரே பொம்மைக்கு அடித்துக்கொள்வார்கள். பெற்றோருக்கு அது கண்ணில் படும். பத்து வயதுப் பெண் அப்படிச் சண்டை போடமாட்டாள். எல்லோரும் 'நீ பெரியவள் ஆகிவிட்டாய்' என்று சொல்லிக்கொண்டே இருப்பதால், மனத்தில் வருத்தம் இருந்தாலும் அதை மறைக்கக் கற்றுக்கொள்கிறாள். அதனால், அமைதியாக இருக்கிறாளே என்று நிம்மதியடையாமல், அந்த அமைதிக்குக் காரணம் என்ன என்று கவனியுங்கள்.

வீட்டுக்கு வருகிறவர்களின் பேச்சை முதலில் கட்டுப்படுத்துங்கள். 'உனக்குப் போட்டி வந்தாயிற்று', 'இனி அம்மா மடி உனக்கில்லை', 'உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம், இதுதான் பெற்ற பிள்ளை' என்றெல்லாம் விளையாட்டாகச் சொல்வார்கள். பிறந்தது ஆண் குழந்தையாக இருந்தால் 'வாரிசு வந்துவிட்டான்' என்பதும் சேர்ந்துகொள்ளும். சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாட்டில் 1989லேயே சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்; ஆனாலும் தொட்டிலைச் சுற்றி நின்று பேசுகிறவர்களின் வாயில் வாரிசு என்றால் இன்றும் மகன்தான். அப்படிப் பேசிய பெரியவர்களிடம் என் கணவர், மகள் கேட்கும்படியாகவே, "எங்களுக்கு முதல் வாரிசு இவள்தான், பெரியம்மா" என்று மரியாதையாகச் சொல்லிவிடுவார். தனியாக அழைத்துச் சமாதானம் சொல்வதைவிட, அவள் முன்னால் நடந்த பேச்சுக்கு அவள் முன்னாலேயே பதில் சொல்வது நல்லது.

உதவி என்பது அவளாக விரும்பிச் செய்வதாக இருக்கட்டும். துண்டு எடுத்துத் தருவது, கதை சொல்வது, தாலாட்டுவது எல்லாம் அவளுக்கே மகிழ்ச்சி தரும். தினமும் சோறு ஊட்டுவதும், நாம் சமைத்து முடிக்கும்வரை குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பதும் அவளுடைய வேலை அல்ல. பத்து நிமிடம் பார்த்துக்கொள் என்று சொன்னால் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட வேண்டும். "இப்போது முடியாது, அம்மா" என்று சொல்லவும் அவளுக்கு இடம் இருக்க வேண்டும். குழந்தை விழுந்துவிட்டால் "நீ என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?" என்ற கேள்வி எக்காரணம் கொண்டும் வரக்கூடாது. அந்த ஒரு கேள்வியில், பொறுப்பு முழுவதும் தன்னுடையது என்று பிள்ளை புரிந்துகொள்கிறாள்.

மகள் எட்டாம் வகுப்பில் இருந்தபோது சமூக அறிவியலுக்காகச் சார்ட் தாளில் தமிழ்நாட்டு வரைபடம் வரைந்து, காவிரி, வைகை, தாமிரபரணி என்று ஒவ்வோர் ஆற்றையும் நீல நிறத்தில் தீட்டி வைத்திருந்தாள். தவழ்ந்த காலம் போய் ஓடத் தொடங்கியிருந்த தம்பி, சிவப்பு ஸ்கெட்ச் பேனாவை எடுத்து அதன் குறுக்கே கிறுக்கிவிட்டான். "குழந்தைக்கு என்ன தெரியும், விட்டுக்கொடு கண்ணு" என்றார் என் மாமியார். அவனுக்குத் தெரியாதுதான், ஆனால் அவளுடைய உழைப்பு வீணானதும் உண்மைதானே? நான் அவனை அழைத்துப் படத்தைக் காட்டி, அக்காவின் படம் கெட்டுவிட்டது என்று சொன்னேன். என் கணவர் புதிய சார்ட் வாங்கி வந்து, இரவு அவளோடு உட்கார்ந்து கடற்கரையோரம் முழுவதையும் தீட்டிக் கொடுத்தார். மறுநாளே அவளுடைய பொருள்களுக்குப் பூட்டுள்ள அலமாரி ஒன்றை ஒதுக்கினோம். அது குழந்தையின் பாதுகாப்புக்கும் தேவை: காம்பஸ் முனை, மணி, கிளிப் என்று மூத்த பிள்ளையின் பையில் ஆபத்தான பொருள்கள் நிறைய இருக்கும். கால்குலேட்டரில் உள்ள பொத்தான் வடிவ பேட்டரியைக் குழந்தை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடக்கூடும். வாந்தி எடுக்க வைக்க முயலாமல் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும்.

உங்கள் மகளைப் பொறுத்தவரை இன்னொன்றும் இருக்கிறது. கைக்குழந்தைக்கு ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரத் தடுப்பூசிகளுக்காக நீங்கள் அலைந்துகொண்டிருக்கும் அதே ஆண்டில், அவளுக்கும் பத்து வயதில் போட வேண்டிய டிடி ஊசி (டெட்டனஸ், டிப்தீரியா நோய்களுக்கான தடுப்பூசி) இருக்கிறது, மறந்துவிடாதீர்கள். அதைவிட முக்கியமாக, அவள் வயதுக்கு வரும் காலமும் நெருங்கிக்கொண்டிருக்கும். தூக்கமில்லாமல் நீங்கள் சோர்ந்து கிடக்கும் நேரத்தில்தான் அவளுக்கு அம்மா மிக அதிகமாகத் தேவைப்படுவாள். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் என் கணவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவார். நான் மகளுக்குத் தலையில் எண்ணெய் தேய்த்துவிடுவேன். முகத்தைப் பார்த்துக் கேட்க முடியாததையெல்லாம் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது அவள் கேட்டுவிடுவாள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். செல்வமகள் சேமிப்புக் கணக்கைப் பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் தொடங்க வேண்டும். இன்னும் தொடங்கவில்லையென்றால் இந்த மாதமே அஞ்சலகத்துக்குப் போங்கள். இளையவர் கல்லூரியில் சேரும்போது உங்கள் கணவருக்கு என்ன வயது இருக்கும் என்றும் கணக்குப் போட்டுப் பாருங்கள். எங்கள் வீட்டில் அவர் ஓய்வு பெற்ற பிறகும் மகன் படித்துக்கொண்டிருப்பான். அதற்கான பணத்தை நாங்கள்தான் சேர்க்கிறோம். "தம்பியை நீதான் படிக்கவைக்க வேண்டும்" என்று மகளிடம் ஒருநாளும் சொன்னதில்லை, பிறரைச் சொல்லவும் விட்டதில்லை.

இப்படி வளர்த்தால் பாசம் குறைந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம். மகள் விடுதிக்குப் போனபோது அதிகம் தவித்தவன் தம்பிதான். இரவில் அவர்கள் இருவரும் தொலைபேசியில் பேசும்போது நானும் கணவரும் குறுக்கிடுவதில்லை. பள்ளியில் ஒரு பையன் தன்னைக் கேலி செய்வதை அவன் முதலில் அக்காவிடம்தான் சொன்னான். அவள் அதை எங்களிடம் தெரிவிப்பதற்கு முன், சொல்லலாமா என்று அவனிடம் அனுமதி கேட்டிருக்கிறாள்.