செங்குத்துக் கோடும் 55 பாகையும்

அன்புள்ள ஐயா,

ரங்கூனில் அனவ்ரதா சாலைப் பக்கம் கடை வைத்திருக்கிறேன். மகள் உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறாள். வகுப்பில் பர்மியத்தில் நடத்தும் கணக்கை, ராத்திரி கடை கட்டியதும் தமிழில் ஒரு தடவை சேர்ந்து போட்டுப் பார்ப்போம். இந்த வாரம் மாட்டிக்கொண்டது இது: 2எக்ஸ் + 3ஒய் = 12 என்ற கோட்டுக்கு (4, −1) வழியாக ஒரு இணைகோடும் ஒரு செங்குத்துக் கோடும் வேண்டும். இணைகோட்டைச் சரியாகப் போட்டுவிட்டாள். செங்குத்துக்கு, "சாய்வைத் தலைகீழாக்கி மைனஸ் போடு" என்று நான் சொன்னபடி −3/2 என்று எழுதினாள். நோட்டில் சிவப்பு மையில் சுழித்து 3/2 என்று திருத்திக் கொடுத்திருக்கிறார்கள். சரி என்று அதை வரைபடத்தாளில் வரைந்தால், அதுவும் செங்குத்தாக வரவில்லை. பாகைமானி வைத்துப் பார்த்தோம், 55 பாகைதான் காட்டுகிறது. இரண்டு சாய்வையும் பெருக்கினால் ஏன் −1 வர வேண்டும் என்று பாப்பா கேட்கிறாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

— ஒரு தகப்பன், ரங்கூன்

அன்புள்ள தம்பிக்கு,

பாகைமானியை எடுத்து அளந்து பார்த்தீர்களே, அதற்காகவே உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும் என்று தோன்றியது. விடையைத் திருத்திக்கொண்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுகிறவர்கள்தான் அதிகம்.

வரைபடத்தைப் பார்க்காமலே ஒன்று சொல்கிறேன். பாப்பா ஒரு அச்சில் வைத்த அளவைப் போல இன்னொன்றில் இரண்டு மடங்கு வைத்திருக்கிறாள். தாளில் இடம் போதாமல் ஒய் அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 2 அலகு என்று எடுத்திருப்பாள். அதற்கு அப்புறம் வருகிறேன். முதலில் அந்த மைனஸைப் பார்ப்போம்.

"மைனஸ் போடு" என்பதுதான் சிக்கல். கோட்டின் சாய்வு −2/3, அதில் ஏற்கெனவே மைனஸ் இருக்கிறது. பாப்பா தலைகீழாக்கினாள், மைனஸும் இருக்கிறது, வேலை முடிந்தது என்று நினைத்தாள். நீங்கள் சொன்னதை அவள் அப்படியே செய்திருக்கிறாள். சொல்ல வேண்டியது "குறியை மாற்று" என்பது. ஆனால் அதையும் விதியாக மட்டும் கொடுத்தால் பரீட்சை அவசரத்தில் மறுபடி குழம்பும். அதனால் விதியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு அட்டையை எடுங்கள்.

−2/3 என்றால் வலப்பக்கம் 3 கட்டம் போ, கீழே 2 கட்டம் இறங்கு என்று அர்த்தம். அந்த அளவில் ஒரு செங்கோண முக்கோணத்தை அட்டையில் வெட்டி வரைபடத்தாளில் வையுங்கள். அதன் சாய்ந்த பக்கம்தான் நம் கோடு. இப்போது அட்டையை இடஞ்சுழியாகக் கால் சுற்று திருப்புங்கள். வலப்பக்கம் போன 3 இப்போது மேலே போகிறது. கீழே இறங்கிய 2 வலப்பக்கம் போகிறது. ஆக 2 கட்டம் வலப்பக்கம், 3 கட்டம் மேலே. சாய்வு 3/2. நடந்தது அவ்வளவுதான். கிடை நெடுவாகவும் நெடு கிடையாகவும் மாறியதால் பின்னம் தலைகீழானது. திரும்பும்போது இரண்டில் ஒன்றின் திசை மட்டும் எதிராவதால் குறி மாறியது. பாப்பா அட்டையைத் தன் கையாலேயே திருப்பிப் பார்க்க வேண்டும். நீங்கள் திருப்பிக் காட்டினால் அது இன்னொரு விதியாகத்தான் அவள் மனதில் நிற்கும்.

இதிலிருந்தே ஒரு சோதனையும் கிடைக்கிறது. −2/3 உள்ள கோடு வலப்பக்கம் போகப்போக இறங்குகிறது, −3/2 உள்ள கோடும் இறங்குகிறது. இரண்டும் ஒரே பக்கம் இறங்கினால் அவற்றுக்கிடையே செங்கோணம் வரவே முடியாது. ஒன்று இறங்கினால் மற்றது ஏறியாக வேண்டும். விடை எழுதியதும் அரை நிமிஷம் இதைப் பார்த்திருந்தால் பாப்பாவே கண்டுபிடித்திருப்பாள்.

ஏன் −1 என்று கேட்டாளே, அவளுக்குப் பிதாகரஸ் தேற்றம் தெரிந்திருக்கும். ஆதிப்புள்ளி வழியாக இரண்டு கோடுகள், சாய்வுகள் ப, ம என்று வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸ் = 1 என்ற இடத்தில் ஒன்று (1, ப) என்ற புள்ளியிலும் மற்றது (1, ம) என்ற புள்ளியிலும் இருக்கும். ஆதியிலிருந்து இவற்றின் தூரங்களுடைய வர்க்கம் 1 + ப², 1 + ம². இரண்டு புள்ளிகளுக்கும் இடையிலான தூரத்தின் வர்க்கம் (ப − ம)². ஆதியில் செங்கோணம் என்றால் முதல் இரண்டின் கூட்டுத்தொகை மூன்றாவதற்குச் சமம். விரித்து எழுதினால் ப²-உம் ம²-உம் இரண்டு பக்கமும் அடிபட்டுப் போகும். மிஞ்சுவது 2 = −2 × ப × ம. அதாவது ப × ம = −1. யாரும் உட்கார்ந்து வைத்த எண் இல்லை அது, பிதாகரஸ் தேற்றத்திலிருந்து தானாக வந்து விழுகிறது.

சமன்பாட்டுக்கு வருவோம். பாப்பா சாய்வு கண்டுபிடித்து, புள்ளியைப் போட்டு, வெட்டுத்துண்டு (கோடு ஒய் அச்சை வெட்டும் இடம்) 5/3 என்று கண்டுபிடித்திருப்பாள். சரிதான், ஆனால் பின்னத்தில் மாட்டாத வழி ஒன்று இருக்கிறது. இணைகோடு என்றால் 2எக்ஸ் + 3ஒய் அப்படியே இருக்கும், வலப்பக்க எண் மட்டும் மாறும். (4, −1) போட்டால் 8 − 3 = 5. கோடு 2எக்ஸ் + 3ஒய் = 5. செங்குத்துக்கு, கெழுக்களை, அதாவது எக்ஸ், ஒய் முன்னால் நிற்கும் எண்களை, இடம் மாற்றி நடுவில் உள்ள குறியை மாற்றுங்கள்: 3எக்ஸ் − 2ஒய். புள்ளியைப் போட்டால் 12 + 2 = 14. கோடு 3எக்ஸ் − 2ஒய் = 14. இதுவும் அதே கால் சுற்றுதான். நான் இந்த வழியையே விரும்புகிறேன். அதற்குக் காரணம் உங்கள் ஊரிலேயே இருக்கிறது.

பர்மாவோடு நடந்த 1852 யுத்தத்துக்குப் பிறகு வெள்ளைக்காரர்கள் ரங்கூனைக் கட்டம் போட்டுத்தான் அமைத்தார்கள். மாண்ட்கோமரி என்ற டாக்டரின் யோசனையை வைத்து, ஃப்ரேசர் என்ற பொறியாளர் போட்ட திட்டம் அது. அனவ்ரதா சாலைக்கு முன்பு இருந்த பெயரே ஃப்ரேசர் தெரு. காளி கோயிலுக்கு இரண்டு பக்கமும் உள்ள நம்பர் தெருக்கள் ஒன்றுக்கொன்று இணை, எல்லாம் அனவ்ரதா சாலைக்குச் செங்குத்து. பாப்பா தினமும் நடக்கிற தெருக்கள். சாலையை எக்ஸ் அச்சாக வைத்தால் சாலையின் சாய்வு 0. நம்பர் தெருவுக்கோ சாய்வே கிடையாது, பூஜ்யத்தால் வகுக்க முடியாதே! கண்ணுக்கு எதிரே இருக்கிற செங்கோணத்துக்கு −1 விதி உதவவில்லை. எக்ஸ் = 4 போன்ற கோடு பரீட்சையில் வந்தால் பிள்ளைகள் திணறுவது இதனால்தான். கெழு வழியில் திணறலே இல்லை: 1எக்ஸ் + 0ஒய் = 4 என்பதற்குச் செங்குத்து 0எக்ஸ் − 1ஒய், அதாவது ஒய் = ஏதோ ஒரு எண். அதே தெருப் படத்தைத் தாளில் கொஞ்சம் சாய்த்து வைத்து, சாலையின் சாய்வு 1/5 ஆகும்படி செய்யுங்கள். நம்பர் தெருக்களின் சாய்வு −5 ஆகிவிடும், விதி திரும்ப வேலை செய்யும். தெருக்களுக்கு இடையே உள்ள கோணம் ஒன்றும் மாறவில்லை, நாம் அச்சு வைத்த விதம்தான் மாறியது.

இனி அந்த 55 பாகை. ஒய் அச்சில் 1 சென்டிமீட்டருக்கு 2 அலகு என்றால், 3 வலப்பக்கம் 2 கீழே என்பது தாளில் 3 சென்டிமீட்டர் வலப்பக்கம், 1 சென்டிமீட்டர் கீழே ஆகிவிடும். கோடு சுமார் 18 பாகைதான் இறங்கும். செங்குத்துக் கோடு 2 சென்டிமீட்டர் வலப்பக்கம், 1.5 சென்டிமீட்டர் மேலே போகும். அது சுமார் 37 பாகை ஏறும். கூட்டிப் பாருங்கள், நீங்கள் அளந்த அதே 55. மாறாக எக்ஸ் அச்சைச் சுருக்கியிருந்தால் 125 பாகை வரும், அதற்குப் பக்கத்துக் கோணமும் 55தான். நீங்கள் அளந்ததில் பிழையே இல்லை. இணைகோட்டில் மட்டும் ஏன் ஒன்றும் தெரியவில்லை என்றால், தாளைச் சுருக்கும்போது இரண்டு கோடும் ஒரே மாதிரி சாய்கின்றன. எப்படிச் சுருக்கினாலும் இணை இணையாகவே இருக்கும். செங்கோணம் அப்படி இல்லை. கிடைக்கும் நெடுவுக்கும் ஒரே அலகு இருந்தால்தான் அது தாளில் செங்கோணமாகத் தெரியும். அட்டையைத் திருப்பும்போதும் இதுவேதான்: 3 கட்டம் கிடையிலிருந்து நெடுவுக்குப் போனால், அங்கேயும் அது அதே 3 ஆக இருக்க வேண்டும்.

இரண்டு அச்சிலும் 1 சென்டிமீட்டருக்கு 1 அலகு என்று வைத்து, அதே இரண்டு கோடுகளையும் மறுபடி வரையச் சொல்லுங்கள். பாகைமானி 90 காட்டும். பிறகு பாப்பாவுக்கு இதைக் கொடுங்கள்: (−2, 5) வழியாக, 4எக்ஸ் − ஒய் = 7 என்ற கோட்டுக்குச் செங்குத்தான கோடு. முதலில் அட்டையை வைத்து, பிறகு கெழு வழியில். இரண்டிலும் எக்ஸ் + 4ஒய் = 18 வர வேண்டும்.

அன்புடன்.