'தண்ணீர்' பாதியில் நின்றுவிட்டதா?

கேள்வி: போன மாதம் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', அசோகமித்திரனின் 'தண்ணீர்' இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தேன். லிஸி இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. ஆனால் 'தண்ணீர்' ஏதோ பாதியில் நின்றுவிட்ட மாதிரி இருந்தது. நான் சரியாகப் படிக்கவில்லையா?
- ஒரு வாசகி

பதில்: சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். 1964-இல் வந்த 'புத்தம் வீடு' நாவலில், லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை நிறுத்தி வீட்டுக்குள் உட்கார வைத்துவிடுகிறார்கள், அப்புறம் பனையேறியின் மகன் தங்கராஜ் மேல் அவளுக்கு வருகிற பிரியம், அது கைகூடுமா என்று நாமும் அவளோடு சேர்ந்து காத்திருக்கிறோம், அந்தக் காத்திருப்பே நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது.

'தண்ணீர்' அப்படி எதையும் வைத்து நம்மை இழுப்பதில்லை. சென்னையின் தண்ணீர்ப் பஞ்சத்தில் ஜமுனாவும் தங்கை சாயாவும் படுகிற பாடு, வெளியே தெரிவது அவ்வளவுதான். ஆனால் டீச்சரம்மா தன் கல்யாண வாழ்க்கையைப் பற்றி ஜமுனாவிடம் பேசுகிற இடத்தை மட்டும் இன்னொரு முறை படித்துப் பாருங்கள். முதல் வாசிப்பில் எனக்கும் அது சாதாரணப் பேச்சாகத்தான் பட்டது, மூன்றாவது முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகு வருகிற ஜமுனா வேறு ஆள். என்னைப் பொறுத்தவரை நாவல் அங்கேயே தன் முடிவைத் தொட்டுவிடுகிறது.

அடுத்து சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' (1966) படியுங்கள். தாமோதர ஆசான் கதை சொல்கிற பக்கங்களை மட்டும் தயவுசெய்து அவசரமாகப் புரட்ட வேண்டாம்.