பால்கனி வெயில் போதுமா டாக்டர்?

கேள்வி: சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் 9-வது மாடியில் இருக்கிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு 5. போன வருடம் மகளுக்குக் கிட்டப்பார்வை என்று கண்ணாடி போட்டார்கள். அப்போது மைனஸ் 0.75, இப்போது மைனஸ் 1.5. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி 13 என்று வந்திருக்கிறது. மாமியாருக்கு அது 9, எப்போதும் கால்வலி. எல்லா டாக்டர்களும் "வெளியில் போங்கள்" என்கிறார்கள். நான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவள். வெளியே போனால் தூசி, கொசு, தெருநாய். மொட்டை மாடிக் கதவைக் குடியிருப்போர் சங்கம் பூட்டியே வைத்திருக்கிறது. வெயிலில் நின்றால் பெண் கறுத்துவிடுவாள் என்று வேறு சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். அதனால் கண்ணாடி போட்டு மூடிய எங்கள் பால்கனியில் தினமும் காலை 7 மணி வெயிலில் மகளை அரை மணி நேரம் உட்கார வைக்கிறேன். இது போதாதா? நாளுக்கு எத்தனை மணி நேரம்தான் வெளியில் இருக்க வேண்டும்? அவளுடைய ஒரு வார நேர அட்டவணையை இணைத்திருக்கிறேன். எனக்கும் இரவு 1 மணி வரை தூக்கம் வருவதில்லை.

பதில்: அட்டவணை அனுப்பியதற்கு நன்றி. "பிள்ளை வெளியில் விளையாடுகிறாளா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாப் பெற்றோரும் "விளையாடுவாளே" என்றுதான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எழுதிப் பார்த்தால்தான் தெரியும்.

உங்கள் மகளின் வாரத்தை நானும் கூட்டிப் பார்த்தேன். பள்ளி வேனுக்காகக் கேட் அருகே நிற்பது தினம் 10 நிமிடம், 5 நாளுக்கு 50 நிமிடம். வாரத்தில் 2 பி.டி. பீரியட், அதில் ஒன்றை கணக்கு டீச்சர் எடுத்துக்கொள்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். மிச்சம் 40 நிமிடம். அடுத்த பிளாக்கில் டியூஷன், போக 5 நிமிடம், வர 5 நிமிடம். அது ஒரு 50. மதியச் சாப்பாடு வகுப்பறையிலேயே. சனிக்கிழமை ஷட்டில் உள்ளரங்கில். ஞாயிறு கடற்கரைக்குப் போகிறீர்கள், நல்ல விஷயம். ஆனால் கிளம்புவதே 6 மணிக்கு, போய்ச் சேரும்போது இருட்டிவிடுகிறது. ஆக, பகல் வெளிச்சத்தில் அவள் வெளியில் இருந்தது மொத்தம் 2 மணி 20 நிமிடம். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் இவ்வளவுதான்.

உங்கள் வீடு மட்டும் இப்படி என்று வருந்த வேண்டாம். அமெரிக்காவில் 1992 முதல் 1994 வரை 9,000-க்கும் மேற்பட்டவர்களிடம் நேற்று எங்கே, எவ்வளவு நேரம் இருந்தீர்கள் என்று கேட்டுக் கணக்கெடுத்தார்கள். நாளில் 87 சதவீதம் கட்டடத்துக்குள், 6 சதவீதம் வாகனத்துக்குள் என்று வந்தது. கைபேசி கைக்கு வராத காலத்துக் கணக்கு அது.

இனி கண்ணுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தருவது அதுதான். வைட்டமின் டி-யை மருந்து கொடுத்து 3 மாதத்தில் ஏற்றிவிடலாம். நீண்டுவிட்ட கண்ணைத் திரும்பச் சுருக்க எந்த மருந்தும் கிடையாது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண்விழி முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் அதிகமாக வளர்ந்துவிடுவதுதான். அப்படி வளர்ந்தால் தூரத்துப் பொருளின் பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடும், கரும்பலகை மங்கும். நல்ல வெளிச்சம் பட்டால் விழித்திரையில் டோபமின் என்ற வேதிப்பொருள் சுரக்கிறது. கண் அளவுக்கு மீறி வளராமல் பிடித்து நிறுத்துவது அது என்பதுதான் இன்றைக்கு வலுவான விளக்கம்.

நல்ல வெளிச்சம் என்றால் எவ்வளவு? வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். வகுப்பறையில் 300 முதல் 500 லக்ஸ் இருக்கும். இரவில் நம் வீட்டுக் கூடத்தில் 100, 200 தேறினால் அதிகம். வெளியே வேப்ப மர நிழலில் நின்றாலே 10,000 தாண்டலாம். நடுப்பகல் நேர் வெயிலில் ஒரு லட்சத்தைத் தொடும். இந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதே இல்லை, ஏனென்றால் கண் தன்னைத் தானே சரிசெய்துகொள்கிறது. "எங்கள் வீடு நல்ல வெளிச்சமான வீடு டாக்டர்" என்று பலரும் சொல்வது அதனால்தான்.

2008-இல் வெளிவந்த ஓர் ஆய்வை எந்தப் பெற்றோர் வந்தாலும் நான் சொல்லாமல் விடுவதில்லை. 6, 7 வயதுள்ள சீன வம்சாவளிக் குழந்தைகளை சிங்கப்பூரிலும் சிட்னியிலும் ஒப்பிட்டார்கள். ஒரே வம்சம், பெற்றோருக்குக் கண்ணாடி இருப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு. சிங்கப்பூரில் 100-க்கு 29 குழந்தைகளுக்குக் கிட்டப்பார்வை, சிட்னியில் 3. சிட்னிப் பிள்ளைகள் படிக்கவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். அவர்கள்தான் வாரத்தில் அதிகப் புத்தகம் படித்தவர்கள். பெரிதாக வேறுபட்டது, வெளியில் இருந்த நேரம். சிட்னியில் வாரத்துக்கு 13 மணி நேரத்துக்கு மேல், சிங்கப்பூரில் 3 மணி நேரம். உங்கள் மகள் அந்த 3 மணி நேரத்துக்கும் கீழே இருக்கிறாள்.

சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் இதைச் சோதித்தே பார்த்தார்கள். பாதிப் பள்ளிகளில் முதல் வகுப்பிலிருந்து தினமும் கூடுதலாக 40 நிமிடம் வெளியில் விட்டார்கள். 3 ஆண்டு முடிவில் வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 சதவீதக் குழந்தைகளுக்குப் புதிதாகக் கிட்டப்பார்வை வந்திருந்தது. வெளியில் விட்ட பள்ளிகளில் 30.4. வெறும் 40 நிமிடத்துக்கு இது சின்ன லாபம் இல்லை. தைவானில் 2010 முதல் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தினம் 120 நிமிடம் வெளியில் என்பதையே அரசுத் திட்டமாக வைத்திருக்கிறார்கள். எத்தனை மணி நேரம் என்று கேட்டீர்கள் அல்லவா? கண்ணைப் பொறுத்தவரை என் பதிலும் அதுதான்: நாளுக்கு 2 மணி நேரம். ஒரே மூச்சில் வேண்டாம், துண்டு துண்டாக இருந்தாலும் போதும்.

இங்கே ஒன்றை உடைத்துச் சொல்லிவிடுகிறேன். வெளி வெளிச்சம் கிட்டப்பார்வை வராமல் தடுப்பதில்தான் நன்றாக வேலை செய்கிறது. வந்த பிறகு பவர் ஏறுவதைத் தடுப்பதில் அந்த அளவுக்குப் பலன் தெரியவில்லை. ஒரே வருடத்தில் 0.75 ஏறியிருப்பது வேகமான ஏற்றம். மகளை 6 மாதத்துக்கு ஒருமுறை கண் மருத்துவரிடம் காட்டுங்கள்; குறைந்த அளவு அட்ரோபின் சொட்டு மருந்தும் இதற்கென்றே வரும் சிறப்புக் கண்ணாடிகளும் இவளுக்குப் பொருந்துமா என்று கேளுங்கள். புத்தகத்தை முகத்தருகே கொண்டுபோனால் ஒரு முழ தூரத்துக்கு நகர்த்தச் சொல்லுங்கள்.

ஆனால் நீங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வார்த்தையில் கடந்துபோன அந்த 5 வயது மகன் இருக்கிறானே, அவனுக்குத்தான் வெளிச்சம் இப்போது அவசரம். அவனுக்கு இன்னும் எதுவும் வரவில்லை. வராமல் தடுக்க முடிகிற வயது அது. அக்காவுக்கு நேர்ந்ததால் வீட்டில் எல்லோருடைய கவனமும் அவள் மேல் இருக்கிறது, அது இயல்பு. அவளை வெளியே கூட்டிப் போகும்போதெல்லாம் தம்பியையும் கையோடு கூட்டிப் போங்கள்.

என்னிடம் வந்த ஒரு பையன், இரண்டாம் வகுப்பு. முதல்முறை கண்ணாடி போட்டுவிட்டு வெளியே வந்தவன் வாசலில் இருந்த மாமரத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். "இலையெல்லாம் தனித்தனியா இருக்கு" என்றான். அதுவரை மரம் என்றால் ஒரு பச்சைப் பந்து என்றே நினைத்திருக்கிறான். அவன் அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு எந்தக் குழந்தைக்குக் கண்ணாடி எழுதித் தந்தாலும் கூடவே தம்பி தங்கை உண்டா என்று கேட்டுவிடுகிறேன்.

சரி, உங்கள் பால்கனி வெயில். இரண்டு காரணங்களால் அதில் வைட்டமின் டி கிடைக்காது. தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது சூரிய ஒளியில் உள்ள புற ஊதா பி கதிர். சாதாரண ஜன்னல் கண்ணாடி அதைக் கிட்டத்தட்ட முழுவதுமாகத் தடுத்துவிடும். சூடு தெரியும், சத்து வராது. அடுத்தது, காலை 7 மணி. இளவெயில்தான் உடம்புக்கு நல்லது என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்திருக்கிறோம். வைட்டமின் டி விஷயத்தில் மட்டும் அது சரியில்லை. சாய்வாக வரும் காலைக் கதிரில் புற ஊதா பி மிகக் குறைவு. நம் பக்கத்தில் திருப்பதியில் செய்த ஆய்வில் பகல் 11 முதல் 2 மணி வரைதான் தோலில் நன்றாக உற்பத்தியாகிறது என்று கண்டார்கள். ஒரு சுலபமான அளவுகோல் உண்டு: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரம். விடுமுறை நாளில் 11 மணி வாக்கில் கை, கால், முகத்தில் நேராகப் படும்படி 20 நிமிடம் போதும். தோல் சிவக்கும்வரை, தலை சுற்றும்வரை நிற்கக் கூடாது. அக்னி நட்சத்திர நாட்களில் நடுப்பகலில் பிள்ளைகளை வெளியே விடவே வேண்டாம்.

ஆனால் 13 என்ற அளவை வெயிலை மட்டும் நம்பி விடக் கூடாது. 20-க்குக் கீழே குறைபாடுதான். குழந்தை மருத்துவர் வயதுக்கேற்ற அளவு மருந்து எழுதித் தருவார். மருந்துக் கடையில் 60,000 யூனிட் பாக்கெட்டை வாங்கி வாரா வாரம் பாலில் கலந்து கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும்.

வைட்டமின் டி கிடைக்காது என்பதற்காகக் காலை 7 மணி வெயிலை விட்டுவிடாதீர்கள். உங்களுக்கே அது தேவை. இரவு 1 மணி வரை தூக்கம் வருவதில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது காலை வெளிச்சம். மகளை வேன் ஏற்றிவிட்டு உடனே லிஃப்ட் ஏறாமல் வளாகத்தைச் சுற்றி 20 நிமிடம் நடந்துவிட்டு மேலே போங்கள். அதன் பிறகு கணினியைத் திறக்கலாம்.

உங்கள் மாமியாருக்கு 9 என்பது மிகவும் குறைவு. தரையில் உட்கார்ந்தால் எழுந்திருக்கச் சிரமப்படுகிறாரா, மாடிப்படி ஏறும்போது தொடை இழுக்கிறதா, விலாவை அழுத்தினால் வலிக்கிறதா என்று கேளுங்கள். அது வெறும் மூட்டுத் தேய்மானமாக இல்லாமல் எலும்பு மென்மையாகும் நோயாகவும் இருக்கலாம். கால்சியம், பாஸ்பரஸ், அல்கலைன் பாஸ்படேஸ் பரிசோதனையோடு மருத்துவரைப் பாருங்கள். வயதான தோலில் வைட்டமின் டி உற்பத்தியும் குறைவு. ஊரில் இருந்தவரை கொல்லைப்புறம் போனார், கிணற்றடியில் துணி அலசினார், பங்குனியில் மொட்டை மாடியில் வடாம் பிழிந்துவிட்டுக் காக்கை விரட்ட உட்கார்ந்திருந்தார். வெயிலுக்கென்று அவர் தனியாக நேரம் ஒதுக்கியதில்லை, வேலையோடு வேலையாகக் கிடைத்தது. 9-வது மாடியில் துணிக்கு டிரையர், தண்ணீருக்குக் குழாய், வடாமுக்குக் கடை. அவருக்கு வெளியே போக ஒரு காரணமே இல்லாமல் போய்விட்டது. "நடங்க அத்தை" என்றால் நடக்க மாட்டார். வேலை கொடுங்கள்.

வெளியே ஆபத்து, உள்ளே பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். டெங்கு கொசு பகலில் கடிப்பது, அதுவும் நல்ல தண்ணீரில் வளர்வது. உங்கள் பூந்தொட்டித் தட்டிலும் ஃபிரிட்ஜ் அடித்தட்டிலுமே முட்டையிடும். கதவைச் சாத்திக்கொண்டு கொசுவர்த்திச் சுருள் ஏற்றுகிறீர்களா? ஒரு சுருள் முழுவதும் எரிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு நுண்துகள் வெளிவருகிறது என்று அளந்து சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பதில் வலை அடியுங்கள். தெருநாய் பயம் நியாயமானது. வளாகத்துக்குள்ளேயே விளையாடட்டும், பெரியவர் ஒருவர் கூட இருக்கட்டும். கடித்தாலோ கீறினாலோ உடனே சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி அன்றைக்கே ஊசி போட வேண்டும்.

கறுத்துவிடுவாள் என்பதற்கு நான் மருத்துவக் காரணம் எதுவும் சொல்லப் போவதில்லை. கறுத்தால் கறுக்கட்டும். 9 வயதுப் பெண் காதுபட அதை யாரும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

நடைமுறைக்கு வருவோம். டியூஷனை 5.45-க்குத் தள்ளிவைக்க முடியுமா என்று கேளுங்கள். பள்ளியிலிருந்து வந்ததும் ஏதாவது சாப்பிட்டுவிட்டு 4.30 முதல் 5.30 வரை இரண்டு பேரும் கீழே போகட்டும். பாண்டி ஆடட்டும், சைக்கிள் விடட்டும், சும்மா மரத்தடியில் உட்கார்ந்து சண்டை போட்டாலும் கண்ணுக்குப் பலன்தான்; நிழல் போதும், வெயில் வேண்டாம், மேகம் போட்டிருந்தாலும் பரவாயில்லை. சனி, ஞாயிறு காலை 7 முதல் 9 வரை வெளியே. கடற்கரைக்கு 4 மணிக்கே கிளம்புங்கள். கடற்கரையைச் சேர்க்காமலே வாரத்துக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் வந்துவிடும். பி.டி. பீரியடைத் திருப்பித் தரச் சொல்லிப் பெற்றோர் கூட்டத்தில் நீங்கள் ஒருவர் எழுந்து கேட்டாலே இன்னும் நாலு பேர் கூடவே எழுவார்கள்.

இன்னொன்று. மொட்டை மாடிக் கதவைக் குடியிருப்போர் சங்கம் பூட்டியே வைத்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கைப்பிடிச் சுவர் மார்பளவு இருந்தால், காலை 10 முதல் 12 வரை பெரியவர்களுக்காகத் திறந்துவைக்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள். குழந்தைகள் தனியாக ஏறக் கூடாது என்றும் சேர்த்து எழுதுங்கள். உங்கள் பிளாக்கில் கால்வலியோடு இருக்கும் பாட்டி உங்கள் மாமியார் ஒருவராக மட்டும் இருக்க மாட்டார். மற்றவர்களிடமும் கையெழுத்து வாங்குங்கள். மருத்துவர் பரிந்துரை வேண்டும் என்று கேட்டால் இந்தப் பதிலையே நகலெடுத்து இணைத்துவிடுங்கள். சாவி கிடைத்ததும் அத்தையை வடாம் மாவு கிளறச் சொல்லுங்கள்.