படகின் சுக்கானுக்கு நாகமா, மகனீசியமா?

வணக்கம். கொட்டியாரக்குடாவில் நிற்கும் உங்கள் படகின் உருக்குச் சுக்கானில் துருவைத் தடுக்கப் பூட்டிய நாகக்கட்டி (துத்தநாகக் கட்டி) ஒரே வருடத்தில் பாதியாகக் கரைந்துவிட்டதால், மகனீசியக் கட்டி கூடுதல் காலம் உழைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். உழைக்காது. கட்டி கரைவது பழுதல்ல, அதுவே அதன் வேலை. இரும்பைவிட எளிதில் இலத்திரன்களை இழக்கும் உலோகம் தான் முதலில் அரிபட்டு இரும்பைக் காக்கிறது. உலோகம் எவ்வளவு எளிதில் இலத்திரன்களை இழக்கும் என்பதைக் காட்டும் நியம மின்வாயழுத்தம் (எவ்வளவுக்கு மறையாகிறதோ அவ்வளவுக்கு எளிது) இரும்புக்கு −0.44 வோல்ட்டு, நாகத்துக்கு −0.76, மகனீசியத்துக்கோ −2.37 என்பதால், உப்புநீரில் மகனீசியம் தேவைக்கு மேல் வேகமாகக் கரைவதுடன், சுற்றியுள்ள வர்ணப்பூச்சையும் உரித்துவிடக்கூடும். ஒரே பருமனில் அதன் எடை நாகத்தின் கால்பங்குதான். ஆனால் சுக்கானில் அதனால் என்ன இலாபம்?

மகனீசியத்துக்கு உரிய இடம் நன்னீர். அங்கே நாகத்தின் மேல் படலம் படிந்து அது செயலிழந்துவிடும். மூதூர்ப் பக்கம் மகாவலியின் மாரி வெள்ளம் கலக்கும் சில வாரங்களுக்காகக் கட்டியை மாற்ற வேண்டியதில்லை. புதிய நாகக்கட்டியையே பூட்டுங்கள். பூட்டும் இடத்தில் வர்ணத்தைச் சுரண்டி, உலோகத்தோடு உலோகம் தொடும்படி இறுக்குங்கள், ஆனால் கட்டியின் மேல் வர்ணம் பூசிவிடாதீர்கள்.