அந்தமானில் ஒரு வாரம், இருவராக: வாசகர் கேள்வி - பதில்

ஜனவரியில் கல்யாணம். பிப்ரவரியில் ஏழு நாள் அந்தமான் போகிறோம். ஏஜென்ட் கொடுத்த திட்டத்தில் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல், பாராடாங், ராஸ், நார்த் பே என்று எல்லாமே இருக்கிறது. இத்தனையும் பார்த்துவிட முடியுமா? - வாசகி, திருநெல்வேலி

பார்த்துவிடலாம். தினமும் விடியற்காலை எழுந்து பெட்டி கட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். கடற்கரையில் கால் நீட்டி உட்கார நேரம் இருக்காது.

முதலில் பாராடாங்கைத் திட்டத்திலிருந்தே அடித்துவிடுங்கள். ஜிர்காடாங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, குறித்த நேரத்தில் போலீஸ் காவலோடு கிளம்பும் வண்டி வரிசையில்தான் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டைக் கடக்க முடியும். வழியில் வண்டியை நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. சுண்ணாம்புக் குகைக்காகப் போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஓடிவிடும். முதல் பயணத்துக்கு அது வேண்டாம்.

ஆறு இரவுகளை இப்படிப் பிரியுங்கள்: போர்ட் பிளேரில் 1, ஹேவ்லாக்கில் 3, நீலில் 1, மறுபடி போர்ட் பிளேரில் 1. சென்னையிலிருந்து விமானம் இரண்டேகால் மணி நேரம். காலை விமானத்தில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு முன் அறைக்குப் போய்விடலாம். அன்று மாலை செல்லுலார் சிறையும் ஒலி-ஒளிக் காட்சியும் போதும். திங்கட்கிழமை போய் இறங்காதீர்கள். சிறை அருங்காட்சியகத்துக்கு அன்று விடுமுறை. வேறு வழியில்லை என்றால் சிறையை ஆறாம் நாளுக்குத் தள்ளிவிடுங்கள். இரண்டாம் நாள் காலைப் படகில் ஹேவ்லாக், ஐந்தாம் நாள் நீல், ஆறாம் நாள் மதியம் போர்ட் பிளேர், ஏழாம் நாள் வீடு.

அந்தக் கடைசி இரவைப் பார்த்து, 'வெட்டியாக ஒரு ராத்திரி எதற்கு' என்று தோன்றும். அதில் மட்டும் கை வைக்காதீர்கள். கடல் கொந்தளித்தால் படகு ஓடாது, விமானம் உங்களுக்காக நிற்காது. நீலிலிருந்து காலையில் கிளம்பி அன்றே விமானம் ஏறுவதாகத் திட்டம் போட்டுக் கொடுக்கும் ஏஜென்ட்டை மாற்றுங்கள்.

டிக்கெட்டில் பெயர்களைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். 2018 கடைசியில் ஹேவ்லாக் சுவராஜ் தீவாகவும் நீல் ஷஹீத் தீவாகவும் பெயர் மாறின. 2024-ல் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது. இரண்டு பெயர்களும் புழக்கத்தில் இருக்கின்றன.

விமானம் விலை அதிகம். சென்னையிலிருந்து கப்பலில் போனால் மிச்சமாகுமே? - வாசகர், ஆவடி

போக இரண்டரை மூன்று நாள், திரும்ப அதே அளவு. கப்பல் புறப்படும் தேதியும் உங்கள் விடுமுறைக்கு ஒத்து வராது. ஒரு வாரப் பயணத்துக்கு இந்த யோசனையே வேண்டாம்.

கல்யாணத்துக்குப் பிறகு போவதால் மனைவி பெயரை என் பெயரோடு சேர்த்து டிக்கெட் போடலாமா? கல்யாணச் சான்றிதழ் கேட்பார்களா? - வாசகர், நாமக்கல்

கையில் இருக்கும் அடையாள அட்டையில் என்ன பெயரோ அதுதான் டிக்கெட்டிலும் இருக்க வேண்டும். ஆதார் அப்பா பெயரோடு இருந்தால் டிக்கெட்டும் அப்படியே. ஆசையாகக் கணவர் பெயரைச் சேர்த்துவிட்டு விமான நிலைய வாசலில் நின்று விளக்கம் சொல்ல வேண்டாம். இனிஷியலை விரித்து எழுதுவதிலும் இந்தச் சிக்கல் வரும். விமானம், படகு, ஓட்டல் மூன்றுக்கும் ஒரே மாதிரி எழுதுங்கள். படகில் ஏறும்போதும் அசல் அட்டை கேட்பார்கள். கல்யாணச் சான்றிதழ் தேவையில்லை. இந்தியர்கள் போர்ட் பிளேர், ஹேவ்லாக், நீல் மூன்றுக்கும் போக அனுமதிச் சீட்டும் வேண்டாம்.

ஹேவ்லாக்கில் 'கடலைப் பார்த்த அறை' என்று இருமடங்கு வாடகை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? - வாசகி, கோவை

கடலைப் பார்க்க மட்டும் என்றால் கொடுங்கள். வாசலில் இறங்கிக் குளிக்கலாம் என்ற எண்ணத்தில் கொடுத்தால் ஏமாந்துபோவீர்கள். ஹேவ்லாக்கின் பெரும்பாலான ரிசார்ட்டுகள் தீவின் கிழக்குக் கரையில், மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர் கடற்கரைகளில் இருக்கின்றன. விளம்பரப் படங்களில் தென்னையைத் தொட்டுக்கொண்டு நீலத் தண்ணீர் நிற்கும். அது கடல் ஏறியிருக்கும்போது எடுத்த படம். வற்றும்போது கடல் வெகுதூரம் பின்வாங்கி, பாறையும் செத்த பவளமும் சேறும் தெரியும். முழங்கால் அளவு தண்ணீரைத் தேடி நடப்பதற்குள் பாதத்தில் கீறல் விழுந்துவிடும்.

இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். இடைவெளி ஆறு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். ஒவ்வொரு நாளும் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் வித்தியாசம் இரண்டு மீட்டர் வரை இருக்கும். எனவே அறை எடுக்கும் முன், நீங்கள் போகும் தேதிகளுக்கான போர்ட் பிளேர் கடல் ஏற்ற-இறக்க அட்டவணையை இணையத்தில் பார்த்துவிடுங்கள். காலை 8 முதல் 11 வரை தண்ணீர் ஏறியிருக்கும் நாட்கள் அமைந்தால் அந்த அறைக்குப் பணம் கொடுத்ததற்குப் பலன் உண்டு.

குளிக்கச் சிறந்த இடம் மேற்குக் கரையில் உள்ள ராதாநகர். அடியில் மணல்தான், பாறைத் தொந்தரவு குறைவு. படகுத்துறையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். சாதாரண அறை எடுத்து, மிச்சமான பணத்தில் இரண்டு மாலை ராதாநகர் போய் வாருங்கள் என்பதுதான் எங்கள் கட்சி.

நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கு இதே கணக்கைத் திருப்பிப் போடுங்கள். அதன் அடியில் நடக்க வற்றம் வேண்டும். ஏற்ற நேரத்தில் கொண்டுபோய் இறக்கிவிட்டு 'இதுதான் சார்' என்று சொல்லும் ஓட்டுநர்கள் உண்டு. பாறையில் பாசி வழுக்கும். சாதாரணச் செருப்பு ஆகாது.

சூரிய அஸ்தமனம் பார்க்க எத்தனை மணிக்குப் போக வேண்டும்? - வாசகர், தஞ்சாவூர்

நாலு மணிக்கே ராதாநகரில் இருங்கள். கடிகாரம் சென்னை நேரம்தான், தீவோ பன்னிரண்டரை டிகிரி கிழக்கே இருக்கிறது. அதனால் எல்லாமே 50 நிமிடம் முன்னதாக நடக்கும். டிசம்பரில் மாலை ஐந்துக்கே சூரியன் இறங்கிவிடும், பிப்ரவரியில் ஐந்தரைக்குள். மதியம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து ஊர் வழக்கப்படி ஐந்தரைக்குக் கிளம்புகிறவர்கள் இருட்டைத்தான் பார்ப்பார்கள். காலையிலும் அதே கதை. காலாபத்தர் கடற்கரையில் உதயம் பார்க்க ஐந்து மணிக்கே அறையை விட்டு இறங்க வேண்டும்.

ஸ்கூட்டர் வாடகைக்கு எடுத்திருந்தால், திரும்பும் பாதை மேடு பள்ளமும் வளைவுமாக, விளக்கில்லாமல் இருக்கும். வண்டியை வாங்கும்போதே ஹெட்லைட்டைப் போட்டுப் பாருங்கள். ஏற்கெனவே இருக்கும் கீறல்களை வண்டிக்காரர் முன்னாலேயே வீடியோ எடுத்துவிடுங்கள். அசல் ஓட்டுநர் உரிமம் கையில் இருக்க வேண்டும்.

எனக்குப் பஸ்ஸிலேயே வாந்தி வரும். ஹேவ்லாக் படகை நினைத்தால் பயமாக இருக்கிறது. - வாசகி, ஈரோடு

தனியார் வேகப் படகில் ஒன்றரை மணி நேரம். அரசுப் படகில் கூடுதலாக ஒரு மணி நேரம், கட்டணம் மிகக் குறைவு. உங்களைப் போன்றவர்களுக்கு வேகப் படகு சீக்கிரம் முடியும், ஆனால் அவற்றில் பல மூடிய ஏசி அறை. வெளியே வந்து காற்று வாங்க முடியாது. மேல்தளம் திறந்த படகும் உண்டு. பதிவு செய்யும்போது கேட்டு வாங்குங்கள்.

கீழ்த்தளத்தில், நடுவிலிருந்து பின்பக்கம் உள்ள இருக்கை நல்லது. படகின் மூக்குப் பக்கம்தான் அதிகம் தூக்கிப்போடும். கண்ணாடிக்கு வெளியே கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். வெறும் வயிறும் கூடாது, பூரி கிழங்கும் கூடாது; இரண்டு இட்லி சரி. வாந்தி மாத்திரையை ஏறுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டாக வேண்டும். குமட்டல் ஆரம்பித்த பிறகு போட்டால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வந்துவிடும். தூக்கம் வரும் மாத்திரை என்பதால் அன்று ஸ்கூட்டரும் மதுவும் வேண்டாம். எந்த மாத்திரை என்பதை ஊரிலேயே டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள்.

போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே, ஹாடோ என்று இரண்டு இடங்களிலிருந்து படகு கிளம்பும். டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று முந்தைய இரவே பாருங்கள்.

இருவருக்கும் நீச்சல் தெரியாது. ஸ்கூபா செய்யலாமா? - வாசகர், விருதுநகர்

செய்யலாம். அறிமுக டைவ் என்பது நீச்சல் தெரியாதவர்களுக்கும் உண்டு. பயிற்சியாளர் தோளைப் பிடித்துக்கொண்டே வருவார், 12 மீட்டருக்குக் கீழே கூட்டிப்போகக் கூடாது. முதலில் ஆழமில்லாத தண்ணீரில் மூச்சுவிடப் பழக்குவார்கள். அதை அவசரமாக முடிக்கிற கடையில் இறங்காதீர்கள். ஒரு பயிற்சியாளருக்கு ஒருவர்தானா என்று கேளுங்கள். ஜோடியாகப் படம் எடுக்க ஒரே ஆள் இருவரையும் பிடித்துக்கொண்டு போவதை ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அதிகம் பேருக்குக் கெடுவது காதுதான். இறங்க இறங்க, ஒவ்வொரு மீட்டருக்கும் மூக்கைப் பிடித்து மெல்ல ஊதிக் காதைத் திறக்க வேண்டும். வலித்த பிறகு ஊதக் கூடாது, வலி வருமுன். வலித்தால் கை காட்டிச் சற்று மேலே வந்து மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் டைவ் கிடையாது. ஆஸ்துமா, இதயக் கோளாறு, காது அறுவைச் சிகிச்சை, கர்ப்பம் இருந்தால் படிவத்தில் மறைக்காதீர்கள். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலே வேண்டாம். தண்ணீருக்குள் எக்காரணம் கொண்டும் மூச்சை அடக்காதீர்கள்.

ஆண்களுக்கு ஒன்று. மீசை அடர்த்தியாக இருந்தால் மாஸ்க்கின் (கண்ணையும் மூக்கையும் மூடும் டைவ் கண்ணாடி) ஓரம் தோலோடு ஒட்டாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் மூக்குக்கு வரும்; முதல் முறை இறங்குகிறவர் பதறுவது பெரும்பாலும் இதில்தான். மீசையை எடுக்க வேண்டியதில்லை. மூக்குக்கு நேர் கீழே ஒரு கோடு அளவுக்குக் கத்தரித்துவிட்டால் ரப்பர் படிந்துவிடும். பட்டையை மாட்டாமல் மாஸ்க்கை முகத்தில் வைத்து மூக்கால் இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் நின்றால் பொருந்தியிருக்கிறது.

டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது வேண்டும். உடம்பில் கரைந்த நைட்ரஜன் வெளியேறும் முன் விமானத்தில் காற்றழுத்தம் குறைந்தால் அது குமிழாக மாறும். ஹேவ்லாக்கில் மூன்றாம் நாளோ நான்காம் நாளோ டைவ் வைத்துக்கொண்டால் இந்தக் கவலையே இல்லை.

நாங்கள் போகும் வாரத்தில்தான் எனக்கு மாதவிலக்குத் தேதி. தள்ளிப்போடும் மாத்திரை போடலாமா? - பெயர் வேண்டாம், சென்னை

டாக்டர் சரி என்றால் போடலாம். எதிர்பார்க்கும் தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்க வேண்டிய மாத்திரை அது. நிறுத்தி இரண்டு மூன்று நாளில் விலக்கு வரும். கடைசி நேரத்தில் மருந்துக்கடையில் நீங்களே வாங்காதீர்கள். ரத்தம் உறைதல் பிரச்சினை, கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கு ஆகாது. ஒற்றைத் தலைவலி இருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே கேட்டுவிடுங்கள். மாத்திரை வேண்டாம் என்றால் மென்ஸ்ட்ருவல் கப்போடு தாராளமாகக் கடலில் இறங்கலாம்.

என்னென்ன எடுத்துப் போவது? நாங்கள் சைவம், சாப்பாடு கிடைக்குமா? - வாசகி, மதுரை

சாப்பாட்டுக் கவலை வேண்டாம். போர்ட் பிளேரில் தமிழ் பேசுகிறவர்கள் ஏராளம், அபர்தீன் பஜார் பக்கம் இட்லி தோசையே கிடைக்கும். ஹேவ்லாக், நீலில் சப்பாத்தி, பருப்பு, சாதம் உண்டு. விலைதான் ஊர் விலையாக இருக்காது. காய்கறியில் பெரும்பங்கு கப்பலில் வருகிறது.

பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது முழுக்கை நீச்சல் சட்டை, ஆளுக்கு ஒன்று. உடம்பு முழுக்கச் சன்ஸ்கிரீன் தடவ ஒரு தடவைக்கு 30 மில்லி பிடிக்கும். 100 மில்லி பாட்டில் மூன்று தடவையில் காலி. முழுக்கைச் சட்டையும் லெக்கின்ஸும் போட்டால் முகம், கழுத்து, கை, பாதத்துக்கு 10 மில்லி போதும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும், கடலிலிருந்து ஏறியதும் மறுபடி பூச வேண்டும். ஸ்நோர்கெல் செய்யும்போது (மூச்சுக் குழாயோடு குப்புற மிதந்து கடலடியைப் பார்ப்பது) வெந்துபோவது முதுகும் முழங்கால் பின்புறமும்தான். தண்ணீர் குளிர்ச்சியாக இருப்பதால் அப்போது தெரியாது.

தடித்த அடி உள்ள தண்ணீர் ஷூ வாங்குங்கள். பவளம் கீறினால் சிறிய காயம்கூடச் சீழ் பிடிக்கும், துகள் உள்ளே தங்கிவிடுவதால். உடனே நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கிருமிநாசினி போடுங்கள். கடல் தண்ணீரில் கழுவிவிட்டு அப்படியே விடக் கூடாது. மாலையில் மணல் ஈ கடிக்கும், கொசு விரட்டி தேவை.

சென்னையிலிருந்து கடலடிக் கேபிள் 2020-ல் வந்த பிறகு இணையம் பரவாயில்லை. ஆனாலும் ஹேவ்லாக்கில் பணப் பரிமாற்றம் சுற்றிக்கொண்டே நிற்கும் நேரங்கள் உண்டு. இரண்டு நாள் செலவுக்கான ரொக்கத்தைப் போர்ட் பிளேரிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். படகு டிக்கெட்டையும் ஓட்டல் பதிவையும் போனில் படமாகச் சேமித்து வையுங்கள்.

கடலில் முதலை இருக்கிறதாமே? கரையில் கிடக்கும் சிப்பியை எடுத்து வரலாமா? - வாசகர், கும்பகோணம்

உப்புநீர் முதலை உண்டு. 2010-ல் ராதாநகர் பக்கம் ஒரு சுற்றுலாப் பயணி முதலை தாக்கி இறந்தார். ஓடை கடலில் சேரும் இடம், அலையாத்திக் காட்டு ஓரம், ஆளில்லாத மூலை இவற்றில் இறங்காதீர்கள். இருட்டிய பிறகு எங்கேயும் இறங்காதீர்கள். உயிர்காப்பாளர் நிற்கும் பகுதியில் மட்டும் குளியுங்கள். அவர் விசில் அடித்தால் உடனே ஏறிவிட வேண்டும், 'இன்னும் ஒரே ஒரு படம்' என்று பேரம் பேசக் கூடாது.

சிப்பி, பவளம் எதையும் எடுக்காதீர்கள், செத்த பவளத் துண்டாக இருந்தாலும். பவளமும் பல சங்கு வகைகளும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. விமான நிலையத்தில் பெட்டியை எக்ஸ்ரேயில் பார்க்கும்போது தெரிந்துவிடும். வழக்கு வரை போகலாம். நினைவுக்கு ஏதாவது வேண்டும் என்றால் உரிமம் பெற்ற கடையில் வாங்கி, பில்லைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்திருங்கள்.