ஐயோ, இதற்கா பெருமை?

கேள்வி: ‘ஐயோ’ என்ற நம் சொல்லை ஒக்ஸ்போர்ட் ஆங்கில அகராதி 2016இலேயே சேர்த்துக்கொண்டதாமே! தமிழர்களாகிய நாம் பெருமைப்படலாம் அல்லவா?
– கல்லூரி மாணவர் ஒருவர், தலவாக்கலை

பதில்: காதில் விழுந்ததை எழுதிக்கொள்வது அகராதிக்காரர் பிழைப்பு. அதற்காக ‘நம் சொல்’ என்று காணி உறுதி முடித்துவிடாதீர்கள். கண்டி பஸ்ஸில் கால் மிதிபட்ட சிங்கள அம்மாவும் இதே ‘ஐயோ’தான் போடுகிறார். ‘ஐயோ சாமி’ பாட்டு ஊரெல்லாம் ஒலித்ததே, பாடிய விண்டி குணதிலக சிங்களவர், தமிழில் எழுதிக் கொடுத்தவர் பொத்துவில் அஸ்மின். ஐயோ யாருடையது என்று அங்கே யாரும் பஞ்சாயத்து வைக்கவில்லை.

எனக்கு இடறியது உங்கள் ‘பெருமை’. வியப்புக்கு மருட்கை என்று பெயர் வைத்த தொல்காப்பியர், அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்ற நான்கில் பிறக்கும் என்கிறார். அங்கே பெருமை என்றால் காலரைத் தூக்கிவிடுவது அல்ல. வழக்கத்தை மீறிப் பெருத்திருப்பது. சிறுமை, சிறுத்திருப்பது. ஆக்கம், ஒன்று இன்னொன்றாக மாறுவது.

உங்கள் ஊர் சென்கிளேயர் நீர்வீழ்ச்சியையே எடுங்கள். அதன் அகலத்தைப் பார்த்துக் ‘குட்டி நயாகரா’ என்றார்கள். மழைக்காலத்தில் பஸ் அந்தத் திருப்பத்துக்கு வந்தால் உட்கார்ந்திருந்தவர்களும் எழும்பி ஒரே பக்கம் சாய்ந்து ‘அம்மாடியோவ்!’ என்பார்கள். அது பெருமை. பிறகு மேல் கொத்மலை நீர்மின் திட்டம் வந்தது. கொத்மலை ஓயாவைத் தலவாக்கலையில் மறித்துச் சுரங்கத்துக்குள் அனுப்பினார்கள். 2012இல் 150 மெகாவாட் மின்நிலையம் ஓடத் தொடங்கியது. அருவியில் இன்று பாறைதான் முதலில் கண்ணில் படுகிறது. பீலிக் குழாய்க்குத் தண்ணீர் விடுகிற மாதிரி நேரம் பார்த்துத் திறந்துவிடுகிறார்கள். அது சிறுமை. அருவி கரன்ட் ஆனது, ஆக்கம். நான்கில் மூன்று ஒரே வளைவில்! மிச்சமிருக்கும் புதுமையை லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, வருகிற கரன்ட் பில் பார்த்துக்கொள்ளும்.

அந்தப் பாறைக்கு முதுகைக் காட்டி நின்று ‘வாவ்!’ என்று செல்ஃபி எடுக்கிற கூட்டத்தோடு எனக்கு ஜென்மப் பகை. எஃப்.எம். அறிவிப்பாளர்களோடும்தான். நேயர் ‘ரெண்டு நாளாக் காய்ச்சல்’ என்றாலும் ‘வாவ், சூப்பர்!’ என்கிறார்கள். இலங்கை வானொலியில் கே. எஸ். ராஜா மூச்சு விடாமல் பேசிய காலத்தில் வியப்பது கேட்பவர் வேலையாக இருந்தது.

எங்கள் லயத்தில் ‘ஐயோ’ என்றால் அப்பாயி வாயிலேயே போடுவாள். ‘எமன் பொண்டாட்டி பேருடா அது! அவளக் கூப்புட்டா புருஷனும் பின்னால வருவான்’ என்பாள். அந்த எமன் பொண்டாட்டியை நினைத்தால் எனக்குப் பாவமாக இருக்கிறது. தேயிலைக் கொழுந்து மலையில் அட்டை கடித்தால் கூப்பிடுகிறார்கள். படியில் வழுக்கினால் கூப்பிடுகிறார்கள். கொழுந்து நிறுக்கிற இடத்தில் கிலோவைக் கழித்தால் வரிசையே சேர்ந்து கூப்பிடுகிறது. ஓடி வந்து பார்த்தால் ஒருத்தியும் சாகவில்லை. திரும்பிப் போய் எமனிடம் ஏச்சு வாங்க வேண்டும். பெரட்டுக்கு, அதுதான் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிப்பதற்கு, முன்னால் எழும்பி இருட்டும் வரை இந்த அலைச்சல். இதற்குச் செக்றோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பெயர் இல்லை, ஈ.பி.எஃப். என்ற சேமலாப நிதி இல்லை. தொழிற்சங்கச் சந்தா பிடிக்கத் தலைவர்மார் இன்னும் அவளைத் தேடிப் போகாதது ஒன்றுதான் அவள் செய்த புண்ணியம். (சந்தாவைத் தொட்டால் கோபக் கடிதங்கள் வரும். வரட்டும், பக்கம் நிரம்பும்.)

அப்பாயிக்குப் பதில் சொல்லக் கம்பன் கைவசம் இருந்தான். எனக்குத்தான் அப்போது தெரியாது. காட்டுக்கு நடக்கும் இராமனை மையோ, மரகதமோ, மறிகடலோ, மழைமுகிலோ என்று தேடிப் பார்த்து, ஒன்றும் ஒத்துவராமல் ‘ஐயோ இவன் வடிவு’ என்று கையை விரித்துவிடுகிறான். பெருமைப்பட்டே தீரவேண்டுமென்றால் அந்த இடத்தைப் போய்ப் படியுங்கள், தம்பி.

பதுளைப் பண்டிதர் ஒருவர், ‘அய்யோ’ என்று அச்சிடுவதே சரி என மறுபடியும் பதிவுத் தபாலில் எழுதியிருக்கிறார். அவருக்கு இந்த இதழிலும் பதில் கிடையாது.