டாக்சிவேயில் வழி குழம்பினால்
தனியாக விமானத்தை டாக்சிவேயில், அதாவது ஓடுபாதைக்குப் போய்வரும் தரைப்பாதையில், ஓட்டிச் சென்றபோது திருப்பத்தைத் தவறவிட்டு, டவரிடம் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்திடம்) கேட்கக் கூச்சப்பட்டு உத்தேசமாகப் போனதாக எழுதியிருக்கிறீர்கள். இனி அப்படிச் செய்யவே செய்யாதீர்கள். சந்தேகம் வந்த உடனே நிறுத்தி, இடம் தெரியவில்லை என்று டவரிடம் சொல்லுங்கள். யாரும் குறைவாக நினைக்க மாட்டார்கள். ரன்வேக்குள் (ஓடுபாதைக்குள்) வந்துவிட்டதாகத் தோன்றினால் மட்டும் அங்கே நிற்க வேண்டாம். சொல்லிக்கொண்டே சீக்கிரம் வெளியேறுங்கள்.

2001இல் இத்தாலியின் மிலான் லினாட்டே விமான நிலையத்தில், பனிமூட்டத்தில் ஒரு சிறிய விமானம் தவறான டாக்சிவேயில் திரும்பி ரன்வேக்குள் போய்விட்டது. புறப்பட்டுக்கொண்டிருந்த விமானம் அதில் மோதி 118 பேர் இறந்தார்கள்.

அப்புறம், ரன்வேக்கு முன்னால் இருக்கும் மஞ்சள் கோடுகளில் முழுக்கோடுகள் (இடைவெளி இல்லாதவை) உங்கள் பக்கம் இருந்தால் அனுமதியில்லாமல் தாண்டக் கூடாது. பாதைக்குக் குறுக்கே இருக்கும் சிவப்பு விளக்கு வரிசை (ஸ்டாப் பார்) எரிந்தால், அனுமதி கிடைத்திருந்தாலும் நின்று கேளுங்கள்.